எட்டாவது ஆளைப் பற்றியும் பேசுவோம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஒரு டிரேட் செய்தி, அதாவது அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொண்ட செய்தி, வந்தால் என் நண்பனிடமிருந்து உடனே ஒரே கேள்விதான் வரும்: "பெரிய ஆளு யாருக்குப் போனான்?" அதற்குப் பதில் தெரிந்ததும் அவனுக்கு விவாதம் முடிந்துவிடும். நட்சத்திரத்தை வாங்கியவன் ஜெயித்தான், கொடுத்தவன் தோற்றான், அவ்வளவுதான். அவன் மட்டும் இல்லை, ரசிகர்களும் வர்ணனையாளர்களும் பல வருடங்களாகச் சொல்லிவருவது இதைத்தான்.

இதில் உண்மை இருக்கிறது. களத்தில் ஒரு பக்கம் ஐந்து பேர்தான். ஒரு நல்ல ஆட்டக்காரர் 48 நிமிடத்தில் 38, 40 நிமிடம் ஆடிவிட முடியும். அணி பந்தைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அவர் கை பட்டே ஷாட் போகலாம். அதனால் தனி ஒருவரின் எடை இந்த விளையாட்டில் ரொம்பப் பெரியது. ஆனால் மீதி நான்கு பேர் யார், பெஞ்சிலிருந்து வரும் எட்டாவது ஆள் யார், அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதிரணி அவர்களைப் பொருட்படுத்திக் காவல் காக்கிறதா என்பதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு டிரேடை எடைபோட முடியாது என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அலெக்ஸ் கருசோவின் முகத்தைத்தான் காட்டுவேன்.

கல்லூரி அணியில் நான் பெஞ்சிலிருந்து இறங்கும் கார்டு, அதாவது கூடையிலிருந்து தள்ளி ஆடும் ஆள். எதிரணியில் அன்றைக்கு யாருக்குக் கை ஓடுகிறதோ அவரிடம் பந்து போகவிடாமல் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் அந்த வேலைக்குக் கட்டமே கிடையாது. அதனால் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் அந்த வேலையைச் செய்பவர் யார் என்று என் கண் தானாகத் தேடும்.

கருசோவை 2016 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த அணியும் எடுக்கவில்லை. ஓக்லஹோமா சிட்டி தண்டரின் கிளை அணியில், கீழ்நிலை லீகில் ஆடினார். பிறகு இரண்டு லீகிலும் ஆடவைக்கும் டூ-வே ஒப்பந்தத்தில் லேக்கர்ஸுக்கு வந்தார். 2020 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், கோப்பையை முடிக்க வேண்டிய நாளில், பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவர்) டுவைட் ஹோவர்டை உட்காரவைத்துவிட்டுத் தொடக்க ஐவரில் கருசோவை இறக்கினார். லேக்கர்ஸ் மியாமியை 106-93 என்று வென்றது. லெப்ரான் ஜேம்ஸுக்கும் ஆன்டனி டேவிஸுக்கும் பக்கத்தில் யார் நின்றால் அணி ஓடும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

2021 கோடையில் அதே லேக்கர்ஸ் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. கைல் குஸ்மா, கென்டேவியஸ் கால்டுவெல்-போப், மான்ட்ரெஸ் ஹாரல், கூடவே ஒரு முதல் சுற்று பிக் (டிராஃப்டில் ஆளை எடுக்கும் உரிமை) என்று விலை. வெஸ்ட்புரூக் 2017இன் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். முந்தைய சீசனில் வாஷிங்டனில் சராசரியாகவே டிரிபிள்-டபுள் (மூன்று கணக்குகளில் இரட்டை இலக்கம்) வைத்திருந்தவர். என் நண்பனின் கணக்குப்படி லேக்கர்ஸ் சுலபமாக ஜெயித்த டிரேட். வெஸ்ட்புரூக்கின் சம்பளம் அந்த வருடம் 4.4 கோடி டாலர். அதற்குமேல் லக்ஸரி டாக்ஸ் வேறு, அதாவது சம்பளக் கோட்டைத் தாண்டியதற்கு லீகுக்குக் கட்டும் அபராதம். கருசோவைத் தக்கவைக்க லேக்கர்ஸ் பணம் நீட்டவில்லை. அவர் நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 3.7 கோடி டாலருக்குச் சிகாகோ போய்விட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான்.

அந்த சீசனின் ஆட்டங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. லெப்ரான் வலப்பக்கமாக உள்ளே நுழைவார். வெஸ்ட்புரூக் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நிற்பார். அவரைக் காவல் காக்க வேண்டியவர் அவர் பக்கத்திலேயே இருக்க மாட்டார். கூடைக்கு முன்னால், இரண்டு காலையும் ஊன்றி, லெப்ரானுக்காகக் காத்திருப்பார். லெப்ரான் பந்தை வெளியே எறிந்தால் யாரும் வெஸ்ட்புரூக்கை நோக்கி ஓடுவதில்லை. போடட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வருடம் அவருடைய மூன்று பாயின்ட் ஷாட் 30 சதவீதத்துக்கும் கீழே. அவர் திறமைக்குக் குறைச்சல் இல்லை. அவருடைய திறமைக்குப் பந்து கையில் வேண்டும், ஆனால் அந்தப் பந்து லெப்ரானிடம் இருக்கிறது. டேவிஸுக்கும் லெப்ரானுக்கும் நடுவில் இன்னொருவரின் காவலர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். லேக்கர்ஸ் 33-49. பிளேஆஃபுக்கு முந்தைய பிளே-இன் தகுதிச் சுற்றுக்குக்கூட வரவில்லை. அவர்கள் கைவிட்ட கால்டுவெல்-போப் 2023இல் டென்வரில் கோப்பை வாங்கினார்.

சரி, கருசோவுக்கு வருவோம். 2024இல் தண்டர் மேற்குப் பிரிவில் முதலிடம், 57 வெற்றி. இரண்டாம் சுற்றில் டல்லாஸிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றது. அந்தத் தொடரில் டல்லாஸ் செய்தது எளிமையான வேலை. தண்டரின் கார்டு ஜாஷ் கிடியை வெளியில் தனியாக விட்டுவிட்டு, அவருடைய காவலரைக் கூடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியது. தண்டரின் நட்சத்திரம் ஷை கில்ஜஸ்-அலெக்சாண்டர் உள்ளே திரும்பும் இடமெல்லாம் ஒரு கூடுதல் உடம்பு. தொடரின் கடைசியில் கிடி தொடக்க ஐவரில் இல்லை. சீசன் முடிந்ததும் தண்டரின் பொறுப்பாளர் சாம் பிரெஸ்டி கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து கருசோவை வாங்கினார். ஒருவருக்கு ஒருவர், எந்தப் பக்கமும் ஒரு பிக்கூடக் கைமாறவில்லை.

இந்த டிரேடுக்காக நண்பனும் நானும் போட்டுக்கொண்ட சண்டை மாதிரி வேறு எதற்கும் போட்டதில்லை. கிடிக்கு 21 வயது, 2021 டிராஃப்டில் ஆறாவது ஆள், கோர்ட்டைப் பார்க்கும் கண் அபாரம். கருசோவுக்கு 30 வயது, சராசரியாக ஆட்டத்துக்குப் பத்துப் பாயின்ட். "பெரிய ஆளு கிடிதான்" என்றான். எதிர்காலத்தை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் பிரெஸ்டி தேடிக்கொண்டிருந்தது வேறு ஒன்று. ஷை, ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன் மூவரும் ஏற்கெனவே பந்தை வைத்து ஆடுபவர்கள். நான்காவதாக வருபவர் பந்து இல்லாமலே எதிரணிக்குத் தலைவலியாக இருக்க வேண்டும், வெளியில் விட்டால் ஷாட்டைப் போட வேண்டும், எதிரணியின் யாரையும் காவல் காக்கத் தெரிய வேண்டும். அந்த விவரத்துக்குப் பொருந்தும் ஆட்கள் லீகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதே கோடையில் ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைனை மூன்று வருடம் 8.7 கோடி டாலருக்கு எடுத்ததும் இதே கணக்கில்தான். ரீபவுண்டும் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது) ஸ்கிரீனும் (காவலரை உடம்பால் மறிப்பது) இல்லாத அணிக்கு அந்த இரண்டையும் வேலையாகவே செய்யும் ஒரு சென்டர்.

அடுத்த வருடம் டென்வரோடு இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டம். டென்வரின் நட்சத்திர சென்டர் நிகோலா யோகிச்சைப் பிடிக்க தண்டர் யாரை அனுப்பியது தெரியுமா? கருசோவை. உயரத்தில் அரை அடி குறைவு, எடையில் ஏறக்குறைய நூறு பவுண்டு குறைவு. அவர் யோகிச்சின் முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளவில்லை. முன்னால் வந்து நின்றுகொண்டார். பந்தை வாங்க யோகிச் கை நீட்டும் திசையில் கருசோவின் கை முதலில் இருக்கும். தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டால் பின்னாலிருந்து ஹோம்கிரனோ ஹார்ட்டன்ஸ்டைனோ வருவார்கள். யோகிச் இடுப்பால் தள்ளுவார், கருசோ முட்டியை மடக்கி உட்கார்ந்த மாதிரி நின்று தாங்குவார், நடுவர் பார்த்துக்கொண்டிருப்பார், ஷாட் போடுவதற்கான நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக் ஓடிக்கொண்டிருக்கும். டென்வர் அந்தப் பாஸை விட்டுவிட்டு வேறு எதையாவது தேடும். அவர்கள் தேடிய ஒவ்வொரு விநாடியும் தண்டருக்கு லாபம். ஆட்டம் 125-93, யோகிச்சுக்கு 20 பாயின்ட். அதன்பின் இந்தியானாவையும் ஏழு ஆட்டத்தில் வென்று தண்டர் கோப்பையை எடுத்தது.

சிகாகோவை நான் திட்டமாட்டேன். கிடி அங்கே பந்தைக் கையில் வாங்கி நன்றாகவே ஆடினார், நான்கு வருடம் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தமும் வாங்கினார். அவருக்கு வேண்டிய இடம் அங்கே இருந்தது. ஆனால் கருசோ மாதிரி ஒருவரைக் கொடுக்கும்போது ஒரு பிக்காவது கேட்டு வாங்கியிருக்க வேண்டும். தண்டரிடம் இருந்த பிக்குகளின் எண்ணிக்கைக்கு அவர்கள் மறுத்திருக்கவே மாட்டார்கள்.

டல்லாஸின் நட்சத்திரம் லூக்கா டோன்சிச் டிரேடைப் பேசாமல் இந்தப் பதிவு முடியாது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில், அமெரிக்காவில் நள்ளிரவு நேரத்தில் அந்தச் செய்தி வந்தபோது அதை வெளியிட்ட செய்தியாளர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். 25 வயது லூக்கா லேக்கர்ஸுக்கு. ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இன் ஒரே ஒரு முதல் சுற்று பிக் டல்லாஸுக்கு. இங்கே நண்பனின் விதி சரியாகவே பொருந்துகிறது. பெரிய ஆள் போனார், டல்லாஸ் தோற்றது. அவன் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் அவ்வளவு பெரிய தோல்வி என்பதற்கு அவனிடம் பாதிக் காரணம்தான் இருக்கிறது.

மீதிக் காரணம் ஒரு வருடம் முன்னால் இருக்கிறது. 2024 பிப்ரவரியில், டிரேட் கெடுவுக்கு முன், லூக்காவை அனுப்பிய இதே டல்லாஸ் பொறுப்பாளர் நிக்கோ ஹாரிசன் இரண்டு சின்ன டிரேட் செய்தார். சார்லட்டிலிருந்து பி.ஜே. வாஷிங்டன், வாஷிங்டன் அணியிலிருந்து டேனியல் காஃபர்ட். இரண்டு பேருமே தோற்றுக்கொண்டிருந்த அணிகளின் ஆட்கள். யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. ஆனால் லூக்காவின் ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அழகான வேலை என்று புரியும். லூக்கா ஸ்கிரீனைச் சுற்றி மெதுவாக வருவார். அவருக்கு வேகம் தேவையில்லை. எதிரணி சென்டர் ஒரு அடி முன்னால் வந்தால் அவர் தலைக்கு மேல் பந்து உயரும், பின்னால் ஓடும் காஃபர்டோ இளம் சென்டர் டெரிக் லைவ்லியோ அதைக் காற்றிலேயே பிடித்துக் கூடையில் அடிப்பார்கள். சென்டர் பின்வாங்கினால் லூக்காவின் சின்ன ஷாட். மூலையிலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தால் அதே மூலையில் நிற்கும் வாஷிங்டனுக்குப் பந்து போகும். மூன்று கதவு, மூன்றுக்கும் ஆள். காஃபர்ட் ஆட்டத்தின் ஒரு பாதிக்கு, லைவ்லி மறுபாதிக்கு, ஆகவே அந்த லாப் (தலைக்கு மேல் தூக்கிப் போடும் பாஸ்) எந்த நிமிடமும் மறையாது.

அந்த அணிதான் தண்டரை வீழ்த்தியது. ஆறாவது ஆட்டத்தில் 2.5 விநாடி இருக்கும்போது மூன்று பாயின்ட் ஷாட் எடுத்த வாஷிங்டனை ஷை ஃபவுல் செய்தார். முதல் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டு மூன்றாவதை வேண்டுமென்றே தவறவிட்டார் வாஷிங்டன். 117-116. அதற்கு அடுத்த சுற்றில் மினசோட்டாவையும் தாண்டி இறுதித் தொடருக்கே போனார்கள்.

இப்போது அந்த அணியிலிருந்து லூக்காவை எடுத்துவிட்டுப் பாருங்கள். காஃபர்டுக்கு லாப் போட யார் இருக்கிறார்கள்? வாஷிங்டனின் மூலையை நோக்கி எதிரணியை யார் இழுப்பார்கள்? ஒருவரைக் கொடுத்தபோது மற்ற ஏழு பேரின் மதிப்பும் சேர்ந்து இறங்கியது. டேவிஸ் காஃபர்டைவிடப் பலமடங்கு பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூடைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்த வீட்டுக்கு மூன்றாவதாக வந்தார். தற்காப்புதான் கோப்பை வெல்லும் என்று ஹாரிசன் விளக்கம் சொன்னார். தற்காப்பில் எடுத்த பந்தை மறுபக்கம் கொண்டுபோய் ஷாட்டாக மாற்றுபவரைத்தான் அவர் அனுப்பிவிட்டிருந்தார். டேவிஸ் தன் முதல் ஆட்டத்திலேயே அருமையாக ஆடிக்கொண்டிருந்தபோது காயம்பட்டு வெளியேறினார். மார்ச் மாதம் டல்லாஸின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முழங்கால் போனது. அதற்குமேல் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்த டிரேடின் காரணமாகவே டல்லாஸ் சம்பளத்தில் உச்சவரம்பை ஒட்டி நின்றது. காயத்துக்குப் பதில் ஒரு சாதாரண ஆளைக்கூட முழு ஒப்பந்தத்தில் எடுக்கச் சீசனின் கடைசி நாட்கள் வரை இடமில்லை. சில இரவுகளில் ஆட்டத்துக்கு வேண்டிய எட்டுப் பேரைத் தேற்றுவதே பெரும்பாடாக இருந்தது. ஏப்ரலில் லூக்கா டல்லாஸுக்கு எதிரணியாக வந்தார். ஆட்டத்துக்கு முன் அவருக்காகப் போட்ட வீடியோவைப் பார்த்துக் கண் கலங்கினார். அப்புறம் 45 பாயின்ட் அடித்தார். ஹாரிசன் 2025 நவம்பரில் வேலையை இழந்தார்.

லூக்காவுக்கு அந்தக் கோடையில் ஏறக்குறைய 34.5 கோடி டாலர் சூப்பர்மேக்ஸ் (விதி அனுமதிக்கும் உச்ச ஒப்பந்தம்) கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் இந்த டிரேடுக்குப் பின்னால் இருந்த பேச்சு. அதைக் காரணமாக நான் ஏற்கவில்லை. சம்பளத்துக்குப் பயந்து கைவிட வேண்டிய ஆட்கள் லீகில் நிறையப் பேர் உண்டு, அந்தப் பட்டியலில் 25 வயது லூக்காவுக்கு இடமில்லை.

ஆனால் சம்பளம் இன்றைக்கு டிரேட் விவாதத்தின் பாதி என்பது நிஜம். 2023இல் வந்த ஒப்பந்த விதிகளுக்குப் பிறகு பழைய மாதிரி பேசவே முடியாது. 2025-26 சீசனுக்கு சாலரி கேப், அதாவது அணியின் மொத்தச் சம்பள வரம்பு, 15.46 கோடி டாலர், லக்ஸரி டாக்ஸ் 18.79 கோடியில் தொடங்கியது, அதற்கும் மேலே ஏப்ரன் என்ற கட்டுப்பாட்டுக் கோடுகள்: முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது ஏப்ரன் 20.78 கோடி. இந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டினால் உரிமையாளர் பணக்காரராக இருந்தும் பயனில்லை. இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர் கூட அதிகமாகத் திரும்ப வாங்க முடியாது. ஏழு வருடம் தள்ளி இருக்கும் முதல் சுற்று பிக் உறைந்துபோகும், விற்க முடியாது. முன்பெல்லாம் பணத்தால் தண்டித்தார்கள், இப்போது கையைக் கட்டுகிறார்கள்.

பீனிக்ஸ் சன்ஸைப் பாருங்கள். கெவின் டுரான்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல். மூன்று பேரும் தனித்தனியாக ஒரு அணியைத் தாங்கக்கூடியவர்கள். டுரான்டுக்காக மிகால் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்று பிக் கொடுத்தார்கள். மூவருக்குப் பின்னால் இருந்த பெரும்பாலோர் குறைந்தபட்சச் சம்பளத்தில் வந்தவர்கள். கையில் பெரிய நோட்டும் சில்லறைக் காசும் மட்டும் இருந்தால் நடுத்தர விலைப் பொருள் எதையும் வாங்க முடியாது இல்லையா, ஏறக்குறைய அதே நிலை. ஒரு நல்ல தற்காப்பு ஃபார்வர்டு வேண்டுமென்றால் அவருடைய ஒன்றரைக் கோடிக்கு ஈடாக அனுப்ப அந்த அளவில் ஒன்றிரண்டு பேர்தான். பீலின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதமில்லாமல் டிரேட் செய்ய முடியாது என்ற ஷரத்து வேறு. 2024-25இல் 36-46, பிளேஆஃப் இல்லை. கோடையில் டுரான்ட் ஹூஸ்டன் போனார், பீலின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்தார்கள்.

பாஸ்டனுக்கு நடந்தது இன்னும் வலி. டெரிக் வைட், ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் என்று மூவரையும் டிரேட் வழியாகச் சேர்த்து 2024 கோப்பையை வென்றார்கள். ஒருவர்கூட வீண் இல்லை, ஐவரில் எவரையும் வெளியில் தனியாக விட முடியாத அணி. ஒரே வருடம். ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்தது, கணக்குப் புத்தகம் மேசைக்கு வந்தது, ஹாலிடே போர்ட்லண்டுக்கும் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் போனார்கள். நான் பார்த்த அணிகளில் பொருத்தத்தால் நின்ற மிகச் சிறந்த ஐவர் அவர்கள், அதை விதி பிரித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிக்குகளைப் பற்றிப் பேசினால் நண்பன் பால் ஜார்ஜை இழுப்பான். 2019 ஜூலையில் கிளிப்பர்ஸ் பால் ஜார்ஜுக்காக ஷை கில்ஜஸ்-அலெக்சாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று பிக், இரண்டு ஸ்வாப் (இரு அணிகளின் பிக்குகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை) கொடுத்தது. அந்தப் பிக்குகளில் ஒன்று 2022இல் பன்னிரண்டாவது ஆளாக ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2025 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 பாயின்ட் அடித்தவர். இப்போது பார்த்தால் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது போலத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஜார்ஜ் வந்தால்தான் இன்னொரு நட்சத்திரமான கவாய் லெனர்டும் வருவார் என்ற நிலை. 2021இல் கிளிப்பர்ஸ் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. அந்த முடிவை நான் இன்றும் கண்டிக்க மாட்டேன். ஐந்து வருடம் கழித்து ஜார்ஜ் பிலடெல்ஃபியா போனபோது பதிலுக்கு ஒன்றுமே வாங்காமல் விட்டதைத்தான் கண்டிப்பேன்.

சாக்ரமென்டோ கிங்ஸ் கதையும் இதே ஜாதி. 2022 பிப்ரவரியில் டைரீஸ் ஹாலிபர்ட்டனைக் கொடுத்து டொமான்டாஸ் சபோனிஸை வாங்கினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சீசனில் 48 வெற்றி, பதினாறு வருடத்துக்குப் பிறகு பிளேஆஃப். டி'ஆரன் ஃபாக்ஸுக்குக் கையிலிருந்து கைக்குப் பந்து மாற்ற ஒரு சென்டர் கிடைத்தார், ஹாலிபர்ட்டனுக்கு இந்தியானாவில் தன் அணி என்று ஒன்று கிடைத்தது. 2025இல் அவர் அதை இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார். கிங்ஸ் கெட்டது அந்த டிரேடில் இல்லை, அதற்குப் பிந்தைய கோடைகளில். 48 வெற்றியில் மயங்கி ஏறக்குறைய அதே ஆட்களோடு திரும்பி வந்தார்கள், தற்காப்பு ஃபார்வர்டு ஒருவரைத் தேடவே இல்லை. கடைசியில் ஃபாக்ஸும் சான் அன்டோனியோ போய்விட்டார்.

இப்போது எங்களுக்குள் ஓடுகிற சண்டை டெஸ்மண்ட் பேன் என்ற கார்டைப் பற்றி. 2025 ஜூனில் ஆர்லாண்டோ அவருக்காகக் கால்டுவெல்-போப், கோல் ஆன்டனி, நான்கு முதல் சுற்று பிக், ஒரு ஸ்வாப் கொடுத்தது. நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஒருமுறைகூட ஆடாத ஒருவருக்கு நான்கு பிக்கா என்று நண்பன் கொதித்தான். நான் ஆர்லாண்டோ பக்கம். பாவ்லோ பாஞ்சேரோ, ஃபிரான்ஸ் வாக்னர் இருவரும் கூடையை நோக்கி உடம்பால் இடித்துக்கொண்டு போகிறவர்கள். 2024-25இல் மூன்று பாயின்ட் ஷாட் சதவீதத்தில் லீகிலேயே கடைசி அணி அது. எதிரணி ஐந்து பேரும் உள்ளேயே குடியிருந்தார்கள். பேன் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது போடுகிறவர், விட்டுவிட்டால் தண்டனை உடனே கிடைக்கும். பாஞ்சேரோவின் பெரிய ஒப்பந்தம் 2026-27இல் தொடங்குகிறது. அது தொடங்கிவிட்டால் ஏப்ரன் கோடுகள் நெருக்கும், பேன் அளவு சம்பளமுள்ள ஒருவரை உள்ளே கொண்டுவரும் வழி அடைபட்டுவிடும். வாங்குவதென்றால் அந்தக் கோடைதான்.

விலை கொஞ்சம் அதிகம்தான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நானாக இருந்தால் மூன்று பிக்கோடு நிறுத்தி, ஸ்வாப்பை இரண்டாக்கியிருப்பேன். விதிப்படி அடுத்தடுத்து இரண்டு வருடம் கையில் முதல் சுற்று பிக்கே இல்லாதபடி கொடுக்க முடியாது, நடுவில் இருக்கும் வருடங்களை ஸ்வாப்பால்தான் நிரப்ப முடியும், அதில் பேரம் பேச இடம் இருந்தது. இதை எழுதி அனுப்பினேன். அதே பிக்குகளுக்கு ஆட்டத்துக்கு 25 பாயின்ட் அடிக்கும் ஒரு கார்டை வாங்கியிருக்கலாமே என்று பதில் அனுப்பினான். அந்தக் கார்டுக்குப் பந்து கையில் வேண்டும், பாஞ்சேரோவுக்கும் வேண்டும், வாக்னருக்கும் வேண்டும், ஒரு ஆட்டத்தில் பந்து ஒன்றுதானே என்று கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான்.